டேட்டாபேஸ் கேள்வி பதில்: கட்டணமில்லா வகுப்புகளும் ரீஸ்டோர் பழக்கமும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆலை, மருத்துவமனை, கல்லூரி, கடை என எங்கோ ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வாசகர்கள் கேட்டவை இந்த இதழில். பலருக்கும் "டிபிஏ" (டேட்டாபேஸ் நிர்வாகி) என்ற பதவி இல்லை. கணினி தெரிந்தவர் என்பதற்காக அந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள். அவர்களை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம்.

கேள்வி: உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் கணக்கோடு எஸ்க்யூஎல் சர்வரையும் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) பார்க்கிறேன். பெங்களூரில் பயிற்சிக்குக் கேட்கும் பணம் என் இரண்டு மாதச் சம்பளம். இலவசமாக ஆன்லைனில் நடத்துகிறார்கள் என்கிறார்களே, யார் நடத்துகிறார்கள்? எதற்காக இலவசம்? (ஓசூர் வாசகர்)

பதில்: நடத்துகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போல வேலையில் இருப்பவர்கள். எஸ்க்யூஎல் சர்வர் உலகில் இது பழைய வழக்கம். 1999இல் பாஸ் என்ற பயனர் சங்கம் உருவானது. அது நடத்திய '24 ஹவர்ஸ் ஆஃப் பாஸ்' நிகழ்ச்சியில் 24 மணி நேரம் தொடர்ச்சியாக, மணிக்கு ஒரு வகுப்பு, இணையத்தில் இலவசமாக நடந்துவந்தது. 2007இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் எஸ்க்யூஎல் சாட்டர்டே தொடங்கியது. ஒரு சனிக்கிழமை, ஓர் ஊர், உள்ளூர்த் தொண்டர்கள் என்பதுதான் அதன் அமைப்பு. பாஸ் சங்கம் 2021 ஜனவரியில் மூடப்பட்டது. அதன் பெயரையும் சொத்துகளையும் ரெட்கேட் நிறுவனம் வாங்கியது. சங்கம் போனாலும் பழக்கம் போகவில்லை. 'குரூப்பை' என்ற இணைய மாநாடு தொடங்கிய காலத்தில், எந்த உரை வேண்டும் என்று பார்வையாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன.

இலவசம் எப்படிக் கட்டுப்படியாகிறது? பேசுகிறவர் சம்பளம் வாங்குவதில்லை. இணைய அறைக்கான செலவைக் கருவி விற்கும் நிறுவனங்கள் தருகின்றன. பதிலுக்குப் பதிவு செய்தவர்களின் மின்னஞ்சல் முகவரி சில நேரம் அவர்களுக்குப் போகும். பதிவுப் படிவத்தின் அடியில் இதை எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு டிக் போடுங்கள். வகுப்புகளுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்துக்கொண்டால் அலுவலகப் பெட்டி தப்பிக்கும்.

தேர்வு செய்யும்போது தலைப்பைவிடச் சுருக்கத்தைப் பாருங்கள். "இந்த வகுப்பு முடிந்ததும் உங்களால் இன்னது செய்ய முடியும்" என்று எழுதியிருந்தால் நம்பிப் போகலாம். ஒரு கருவியின் பெயர் மூன்று முறை வந்தால் அது விற்பனைக் கூட்டம். வகுப்பின் தரம் 100, 200, 300, 400 என்று குறிக்கப்படுவது வழக்கம். முதல் ஆறு மாதம் 100, 200 போதும். 400ஐப் பார்த்து மிரண்டு, நமக்கு இந்தத் துறையே ஆகாது என்று ஒதுங்கியவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: வகுப்பு 'மதியம் 12 மணி, ஈஸ்டர்ன்' (அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம்) என்று போட்டிருந்தது. இரவு 10.30க்கு உட்கார்ந்தேன், முடிந்தே போய்விட்டது. (பென்னாகரம் வாசகர்)

பதில்: அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் அவர்களின் மதியம் 12 நமக்கு இரவு 9.30. மற்ற மாதங்களில்தான் 10.30. அறிவிப்பில் யுடிசி (உலகப் பொது நேரம்) இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம், வருடம் முழுக்க மாறாது.

நள்ளிரவைத் தாண்டும்போது தேதியும் மாறும். கோடையில் வெள்ளிக்கிழமை மாலை 3 மணி ஈஸ்டர்ன் என்றால் நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 12.30. இன்னொரு குழி: 'ஐஎஸ்டி' என்ற சுருக்கத்தை அயர்லாந்தும் தன் கோடை நேரத்துக்குப் பயன்படுத்துகிறது. அழைப்பிலுள்ள காலண்டர் இணைப்பை அழுத்தினால் போன் தானே நம் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். கணக்குப் போடுவதைவிட அது நம்பகமானது. சிங்கப்பூரில் மாலை 7 மணிக்கு நடக்கும் கூட்டம் நமக்கு 4.30 என்பதால், இரவு விழிக்க முடியாதவர்கள் ஆசியக் குழுக்களைத் தேடலாம்.

கேள்வி: 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. தினம் 1.5 ஜிபி மொபைல் டேட்டா. இதை வைத்துப் பயிற்சி செய்ய முடியுமா? (ஊத்தங்கரை வாசகி)

பதில்: தாராளமாக. எஸ்க்யூஎல் சர்வர் டெவலப்பர் எடிஷனை இறக்குங்கள். பெரிய நிறுவனங்கள் பணம் கட்டி வாங்கும் எண்டர்பிரைஸ் எடிஷனில் உள்ள வசதிகள் அதிலும் உண்டு, கற்கவும் சோதிக்கவும் இலவசம். உண்மையான வேலைக்கு அதை ஓட்ட உரிமம் கிடையாது. சர்வரை இயக்கும் திரையான மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை: சர்வர் பெயரில் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், மெமரி, அதில் மேக்சிமம் சர்வர் மெமரியை 2048 எம்பி ஆக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கிடைக்கிற ரேமையெல்லாம் அது எடுத்துக்கொண்டு, பிரவுசரும் வகுப்பும் திணறும். எஸ்க்யூஎல் சர்வர் பிடித்த நினைவகத்தை எளிதில் விடாது. அது கோளாறு இல்லை, அதன் வேலை செய்யும் முறையே அப்படித்தான்.

பயிற்சி டேட்டாவுக்கு மைக்ரோசாஃப்டின் அட்வெஞ்சர்வொர்க்ஸ் தொடக்கத்துக்குப் போதும். ஆனால் அது சிறியது. எவ்வளவு மோசமாக எழுதினாலும் கொயரி (டேட்டாவைக் கேட்கும் கட்டளை) நொடியில் முடிந்துவிடும், அதனால் எது தவறு என்று தெரியாது. ஸ்டேக் ஓவர்ஃப்ளோ தளத்தின் 2010 வரையிலான டேட்டாபேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கம் சுமார் 1 ஜிபி, விரித்தால் சுமார் 10 ஜிபி. அன்றைய டேட்டா அதற்கே போய்விடும், ஆகவே வகுப்பில்லாத நாளில் இறக்குங்கள். அதில் கிளஸ்டர்ட் இண்டெக்ஸ் (டேபிளின் வரிசைகளையே அடுக்கி வைக்கும் அடிப்படை இண்டெக்ஸ்) தவிர, தேடலை வேகப்படுத்தும் வேறு இண்டெக்ஸ் கிடையாது, வேண்டுமென்றே அப்படித் தருகிறார்கள். 'செட் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஐஓ ஆன்' கொடுத்துவிட்டு, யூசர்ஸ் டேபிளில் டிஸ்ப்ளேநேம் வைத்து ஒரு பெயரைத் தேடுங்கள். லாஜிக்கல் ரீட்ஸ் எண்ணை (தேட எத்தனை பக்கங்களைப் படித்தது என்பதை) நோட்டில் குறியுங்கள். டிஸ்ப்ளேநேம் என்ற அந்த நெடுவரிசையின் மேல் இண்டெக்ஸ் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு எல்லா நெடுவரிசையையும் கேட்கும் 'செலக்ட் ஸ்டார்' என்பதை இரண்டு நெடுவரிசையாகக் குறைத்து ஓட்டுங்கள். மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு எந்த இண்டெக்ஸ் வகுப்பும் எளிதில் புரியும்.

ரேம் 4 ஜிபிதான் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸ் நல்லது. அதோடு வரும் பிஜிபெஞ்ச் கருவியே பயிற்சி டேட்டாவை உண்டாக்கித் தரும். ஸ்கேல் 1க்கு 1 லட்சம் வரிசை. 20 என்று கொடுத்தால் 20 லட்சம் வரிசை, சுமார் 300 எம்பி இடம்.

வகுப்பு பார்க்க 480பி போதும், மணிக்குச் சுமார் 300 முதல் 450 எம்பி ஆகும். அதற்கும் கீழே இறக்கினால் திரையிலுள்ள நிரல் வரி கலங்கி, கமாவா புள்ளியா என்று தெரியாது. ஸ்கிரிப்டை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், படம் கலங்கினாலும் குரலை வைத்துப் பின்தொடரலாம்.

கேள்வி: மாங்கூழ் ஆலையில் எடை மேடை, பில் எல்லாம் எஸ்க்யூஎல் சர்வரில் ஓடுகிறது. டேட்டா 8 ஜிபி, லாக் ஃபைல் (ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதி வைக்கும் ஃபைல்) மட்டும் 61 ஜிபி. தினம் இரவு ஃபுல் பேக்கப் எடுக்கிறோம். ஷ்ரிங்க் (ஃபைலைச் சுருக்குவது) செய்தால் ஒரு எம்பிகூடக் குறையவில்லை. டிரைவ் நிறைந்து 9002 என்ற பிழையோடு ஜூன் மாதம் லாரிகள் வரிசையில் நின்றுவிட்டன. எந்த வகுப்புக்குப் போனால் இதைக் கற்றுக்கொள்ளலாம்? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: அறிவிப்புகளில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர்', 'ரெகவரி மாடல்' என்ற சொற்களைத் தேடுங்கள். தரம் 100 அல்லது 200 இருக்கட்டும். ஆனால் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும் நேரத்தில் அடுத்த வகுப்புவரை காத்திருக்க முடியாது, இங்கேயே சொல்கிறோம்.

உங்கள் டேட்டாபேஸ் ஃபுல் ரெகவரி மாடலில் இருக்கிறது, லாக் பேக்கப்பை யாரும் எடுக்கவில்லை. ஃபுல் ரெகவரி என்றால், லாக் பேக்கப் எடுக்கும்வரை எந்தப் பதிவையும் அழிக்காதே என்று நாம் சர்வருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று பொருள். இரவு எடுக்கும் ஃபுல் பேக்கப் லாக்கைக் காலி செய்யாது. பெயரில் 'ஃபுல்' இருப்பதால் எல்லாம் அதில் அடங்கும் என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் மிகப் பரவலான தவறு. லாக்குக்குள் எல்லாப் பகுதியும் இன்னும் உபயோகத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் ஷ்ரிங்க் செய்தும் குறையவில்லை.

முதலில் உறுதி செய்யுங்கள். 'சிஸ் டாட் டேட்டாபேசஸ்' வியூவில் 'லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். 'லாக் பேக்கப்' என்று வந்தால் நாம் சொன்னதுதான் காரணம். 'ஆக்டிவ் டிரான்சாக்‌ஷன்' என்று வந்தால் யாரோ ஒரு மாற்ற வேலையை, அதாவது ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து மூடாமல் விட்டிருக்கிறார்கள், அதை முதலில் முடிக்க வேண்டும்.

அடுத்து ஒரு கேள்வியை முதலாளியிடம் கேளுங்கள்: எத்தனை நிமிட எடைப் பதிவு போனால் ஆலை தாங்கும்? "நேற்று இரவுவரை இருந்தால் போதும், மீதியைச் சீட்டைப் பார்த்து ஏற்றிக்கொள்ளலாம்" என்றால் சிம்பிள் ரெகவரிக்கு (லாக்கை சர்வரே அவ்வப்போது காலி செய்துகொள்ளும் முறை) மாற்றிவிடலாம், லாக் பேக்கப்பே தேவையில்லை. சீசனில் ஒரு மணி நேரத்துச் சீட்டைத் திரும்ப ஏற்றுவதே சிரமம் என்றால் ஃபுல் மாடலிலேயே இருந்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை லாக் பேக்கப் எடுங்கள். இதை முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி. எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஃபுல் மாடல் என்று முடிவானால், இடம் உள்ள வேறு டிரைவுக்கு உடனே ஒரு லாக் பேக்கப் எடுங்கள். தற்போது 61 ஜிபி என்பதால் முதல் பேக்கப் பெரிதாக வரும். பிறகு லாக் ஃபைலை ஒரே ஒரு முறை 4 ஜிபி அளவுக்கு ஷ்ரிங்க் செய்யுங்கள். முதல் தடவை குறையாவிட்டால் மறுபடி ஒரு லாக் பேக்கப் எடுத்துவிட்டு முயலுங்கள். உபயோகத்தில் உள்ள பகுதி ஃபைலின் கடைசியில் இருந்தால் இப்படித்தான் நடக்கும். வளர்ச்சி அளவை 10 சதவீதம் என்று விடாமல் 256 எம்பி என்று நிலையாக வையுங்கள். ஷ்ரிங்க் வேலையை அட்டவணையில் மட்டும் போடாதீர்கள். குறைப்பதும் மறுபடி வளர்வதுமாகச் சீசன் முழுக்க மெதுவாகும்.

இலவசமான எக்ஸ்பிரஸ் எடிஷன் என்றால், வேலைகளைக் குறித்த நேரத்தில் ஓட்டும் ஏஜெண்ட் அதில் கிடையாது. விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் எஸ்க்யூஎல்சிஎம்டி என்ற கட்டளை வரிக் கருவி வழியாக ஓட்ட வேண்டும். ஓலா ஹலென்கிரென் எழுதிய பராமரிப்பு ஸ்கிரிப்டுகள் இலவசம், உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், அவற்றை எடுத்துக்கொள்ளலாம். 2022 வரையிலான எக்ஸ்பிரஸில் டேட்டாபேஸ் ஒன்றுக்கு 10 ஜிபி எல்லை. அந்தக் கணக்கில் டேட்டா ஃபைல் மட்டுமே சேரும், லாக் சேராது. ஆகவே உங்கள் 61 ஜிபி அந்த எல்லையைத் தொடவில்லை. உங்கள் 8 ஜிபி டேட்டா அதை நெருங்குகிறது, அடுத்த சீசனுக்குள் பழைய பதிவுகளைப் பிரித்து வைக்கத் திட்டமிடுங்கள்.

இனி முக்கியமான பகுதி. பேக்கப் ஃபைல் இருப்பதும் அதிலிருந்து மீட்க முடிவதும் வேறு வேறு. இன்னொரு கணினியில், வேறு பெயரில், மாதம் ஒரு முறை ரீஸ்டோர் செய்து பாருங்கள். ஃபைல் பாதைகள் மோதாமல் இருக்க 'மூவ்' சேர்க்க வேண்டும். ஃபுல் பேக்கப்பை 'வித் நோரெகவரி' (இன்னும் ஏற்ற வேண்டியது இருக்கிறது, திறக்காதே) என்று ஏற்றி, லாக்குகளை வரிசையாக அதே நோரெகவரியோடு ஏற்றி, கடைசியில் மட்டும் ரெகவரி கொடுங்கள். இடையில் ஒரு தடவை நோரெகவரி மறந்தால் டேட்டாபேஸ் திறந்துவிடும், அதற்கு மேல் எந்த லாக்கும் ஏறாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலை 11.20க்கு யாரோ 'வேர்' என்ற நிபந்தனை இல்லாமல் டெலீட் ஓட்டி எல்லா வரிசையையும் அழித்திருந்தால், 'ஸ்டாப்அட்' போட்டு 11.19 வரை மீட்கலாம். ஆனால் உண்மையான விபத்தில் ரீஸ்டோருக்கு முன் டெயில் லாக் பேக்கப் (கடைசி லாக் பேக்கப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை) ஒன்று எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கடைசி 15 நிமிடம் போய்விடும். ஏற்றி முடித்ததும், டேட்டா சிதைந்திருக்கிறதா என்று பார்க்கும் 'டிபிசிசி செக்டிபி' ஓட்டுங்கள். 'ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி' சரி என்று சொன்னால் மட்டும் திருப்தி அடையாதீர்கள், டேட்டா உள்ளே சிதையாமல் இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

ஒன்றன்பின் ஒன்றாக ஏற வேண்டிய இந்த லாக் பேக்கப் சங்கிலி ஏன் அறுகிறது? மென்பொருள் விற்றவர் தொலைவிலிருந்து இணைந்து தன் கருவியால் ஒரு லாக் பேக்கப் எடுத்துப் போனால், அந்த ஃபைல் இல்லாமல் அடுத்தவை ஏறாது. யாராவது ரெகவரி மாடலைச் சிம்பிளுக்கு மாற்றித் திருப்பி வைத்தாலும் அறும், புதிதாக ஃபுல் எடுக்கும்வரை லாக் பேக்கப் ஓடாது. பேக்கப்பை அதே டிரைவில் வைத்திருந்தால் இதெல்லாம் பேசியே பயனில்லை. டிரைவ் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கேள்வி: ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு வேலைக்குத் திரும்ப நினைக்கிறேன். ஆங்கில உச்சரிப்பு பிடிபடவில்லை, கேள்வி கேட்கவும் கூச்சம். (அரூர் வாசகி)

பதில்: நேரலையை முதலில் விட்டுவிடுங்கள். யூடியூப் பதிவில் எழுத்து வரிகளை இயக்கி, வேகத்தை 0.75 ஆக்குங்கள். 60 நிமிட வகுப்பு அப்போது 80 நிமிடம் ஆகும், பரவாயில்லை. ஸ்லைடை முதலில் படித்துவிட்டுக் கேட்டால் பாதி உச்சரிப்பு தானே புரியும். தமிழில் தொடங்க வேண்டுமானால் 2012 முதல் வெளிவரும் கணியம் இணைய இதழைப் பாருங்கள். அவர்கள் வெளியிட்ட மைஎஸ்க்யூஎல் தமிழ் மின்னூலைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வியை எழுதிக் கேளுங்கள், பேச வேண்டியதில்லை. எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், எந்தப் பிழை எண் வந்தது என்ற நான்கும் இருந்தால் மொழி தடுமாறினாலும் பதில் வரும். "சர்வர் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் தமிழில் கேட்டாலும் பதில் வராது. எங்கள் ஆலோசனையாக மட்டும்: முதல் மூன்று மாதம் புதிய வகுப்புகளைச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். ஒன்றை இரண்டு முறை பார்த்து, அதிலுள்ள ஸ்கிரிப்ட் முழுவதையும் கையால் தட்டி ஓட்டுவது பத்து வகுப்புக்குச் சமம்.

கேள்வி: இந்த வகுப்புகளின் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: கலந்துகொண்டதற்கான சான்று நேர்காணலில் பெரிதாகப் பேசாது. தேர்வு எழுதிச் சான்று வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்டின் டிபி-300, அதற்குக் கட்டணம் உண்டு. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் இணையத் தளத்தில் டேட்டாபேஸ் பாடத்தை இலவசமாகப் படிக்கலாம், தேர்வுக்கு மட்டும் பணம். நேர்காணலுக்கு எடுத்துப்போக வேண்டியது உங்கள் பயிற்சி நோட்டு. ரீட்ஸ் எவ்வளவு இருந்தது, என்ன மாற்றினீர்கள், எவ்வளவு ஆனது என்று இருபது பக்கம் இருந்தால் கேட்பவரே அதைப் பற்றித்தான் கேட்பார்.

கேள்வி: நாங்கள் ஏழு பேர் தருமபுரி, நல்லம்பள்ளி, பர்கூர் பக்கம் இருக்கிறோம். தமிழில் நாங்களே வாராந்திர ஆன்லைன் வகுப்பு நடத்தலாமா? (தருமபுரி வாசகர்கள்)

பதில்: கட்டாயம் நடத்துங்கள். தமிழில் இது மிகவும் குறைவாக இருக்கிறது. ஞாயிறு காலை 10 மணி போன்ற நிலையான நேரம் வையுங்கள், ஒரு வாரம் மாற்றினால் இரண்டு பேர் கழன்றுவிடுவார்கள். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ உள்ள கூட்டம் 60 நிமிடத்திலும், ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்திலும் முடிந்துவிடும். அதற்குத் தக்கபடி 35 நிமிடம் செய்து காட்டுவது, மீதி கேள்விகள் என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

பேசுபவர் முந்தைய நாள் அதே கணினியில் முழுதாக ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தளவு 20க்குக் குறையக் கூடாது, பாதிப் பேர் போனில்தான் பார்ப்பார்கள். மின்தடை வந்தால் யார் தொடர்வது என்று ஒருவரை முன்பே குறித்து, ஸ்கிரிப்டை அவரிடமும் கொடுத்து வையுங்கள். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு எல்லோரையும் சுழற்சியில் பேச வையுங்கள். ஒருவரே பேசினால் அவர் ஊருக்குப் போகும் வாரம் குழு நின்றுவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அலுவலகத்தின் உண்மையான டேட்டாவைத் திரையில் காட்டக் கூடாது. நோயாளி, மாணவர், வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் பதிவில் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது, 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. வகுப்பில் கற்ற ஸ்கிரிப்டை அன்றே வேலை சர்வரில் ஓட்டுவதையும் குழு விதியாகவே தடுத்துவிடுங்கள். முதல் வகுப்புக்குத் தலைப்பு தேடினால், காவேரிப்பட்டணம் வாசகருக்குச் சொன்ன ரீஸ்டோரையே எடுங்கள்: அட்வெஞ்சர்வொர்க்ஸில் ஒரு டேபிளை அழித்து, ஸ்டாப்அட் போட்டு மீட்பது. ஏழு பேரும் அவரவர் கணினியில் செய்து முடிக்க ஒரு மணி நேரம் சரியாக இருக்கும்.